முதலைக் கூட்டில் விழுந்த நிழல்

ரிச்சர்ட்ஸ் பே, தென்னாப்பிரிக்கா
நவம்பர் 27

அன்புள்ள ராஜன்,

எட்டு மாதமாய்ப் பதில் போடாதது தப்புதான், திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவின் முழங்கால் தேவலையா? பாப்பா கல்யாணத்துக்கு எப்படியும் வந்துவிடுவேன்.

இன்றைக்கு என்னை எழுத உட்கார வைத்தது ஒரு முதலை. சிரிக்காதே. போன ஞாயிறு செயின்ட் லூசியா கழிமுகத்தில் படகில் போனோம். கரைமேட்டு மணலில் ஒரு நைல் முதலை, வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடந்தது. பக்கத்து மண்ணுக்குள் முட்டை இருக்கிறது என்றார் படகுக்காரர். ஏறக்குறைய மூன்று மாதம், பெரும்பாலும் பட்டினியாகவே காவல் கிடக்குமாம். கொஞ்சம் நகர்ந்தால் போதும், உடும்பு வந்து தோண்டிவிடும். உள்ளே குஞ்சுகள் கத்த ஆரம்பித்தால் தானே மண்ணைப் பறித்து, வாயில் கவ்வி, தண்ணீரில் கொண்டுபோய் விடும். மாட்டையே இழுத்துப்போகிற வாய், ராஜன்!

அதற்குப் பின்னால் மேடு முழுக்க ஒரு செடி மண்டியிருந்தது. பார்த்ததும் திக்கென்றது. நம்ம கம்யூனிஸ்ட் பச்சை! ரப்பர் தோட்டத்தில் கையில் கத்தி பட்டால் தங்கப்பன் அண்ணன் கசக்கிப் பிழிவாரே, அதேதான்.

முதலைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது கூட்டின் சூடு. எல்லைக்கோடு 31.7 டிகிரி, அதற்குக் கீழே இறங்கினால் பெண். இந்தச் செடியின் நிழல் விழும் மண், வெயில் படும் மண்ணைவிட 5, 6 டிகிரி குளிர்ச்சி என்று அலிசன் லெஸ்லி, ஸ்பொட்டிலா என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதே செயின்ட் லூசியா ஏரிக்கரையில் அளந்து 2001-ல் எழுதியிருக்கிறார்கள். பெண்ணாகவே பொரித்துக்கொண்டு போகலாம். கரு வளராமலே போனாலும் போகலாம். அதைவிட என் தூக்கத்தைக் கெடுத்தது இன்னொன்று. குழி பறிக்கும்போது வேர்ப்பின்னல் தட்டுப்பட்டால், தாய் அந்த இடத்தையே விட்டுப் போய்விடுமாம்.

தோலுக்காகச் சுட்டுத் தள்ளிய காலத்தையே தாண்டி வந்த பிராணி. அதற்கு முட்டையிட ஒரு பாய் அகலம் வெயில் மணல் இல்லையென்றால் எப்படி? மனசு ஆறவில்லை.

களை பிடுங்கப் போகிறவர்களிடம் என் பெயரையும் கொடுத்திருக்கிறேன். வெட்டிவிட்டால் அடிக்கட்டை மறுபடி தழைத்துவிடுகிறதாம். உங்கள் தோட்டத்தில் அதை எப்படி ஒழிக்கிறீர்கள்? பூப்பதற்கு முன்னாலேயே பிடுங்குவீர்களா? தங்கப்பன் அண்ணனிடம் விவரமாய்க் கேட்டு, கல்யாணம் வரை காத்திராமல் உடனே எழுது.

உன்
செல்வம்