அடுத்த எண்ணில் ஒரு பெண்

மாப்பிள்ளை,

வீட்டில் எல்லோரும் நலம். தீபாவளிக்கு நீ எழுதியதற்கு இன்னும் பதில் போடவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு, ஆனால் முதலில் இதைப் படி.

கரும்புத் தோட்டத்துக்குப் போன கொள்ளுத்தாத்தா கிடைத்துவிட்டார்! டர்பனில் அவர் வழியில் வந்த ஒரு அக்கா, 1890-இல் அவர் போன கப்பலின் பட்டியலை நகலெடுத்து அனுப்பியிருக்கிறார். 1860-லிருந்து 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்களே, ஒவ்வொருவருக்கும் ஒரு எண் போட்டு, தகப்பன் பெயர், ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலிருக்கும் அடையாளம் வரை எழுதியிருக்கிறார்கள். குடியாத்தம் தாலுகா, நம்ம ஊர், இடது முழங்காலில் தழும்பு. மாடு குத்திய அந்தத் தழும்பைப் பாட்டி சொல்லிச் சொல்லி நீயும் திண்ணையில் கேட்டவன்தானே.

சிக்கல் அடுத்த எண்ணில். 18 வயதுப் பெண், மனைவி என்று எழுதியிருக்கிறது, அதே வட ஆற்காடு ஜில்லா. பாட்டியோ, தன் மாமியார் கைக்குழந்தையோடு இங்கேயே காத்துக் கிடந்தாள் என்றுதான் கடைசிவரை சொன்னாள். "காகிதம் பொய் சொல்லுமா? புருஷன் பெண்டாட்டி சேர்ந்துதான் வந்திருக்கிறார்கள்" என்கிறார் அக்கா. பாட்டியைப் பொய்க்காரி ஆக்கினால் எனக்குத் தூக்கம் வருமா?

அப்புறம்தான் தாலுகாவைப் பார்த்தேன். அவளுக்குச் சித்தூர். 1911 வரை சித்தூர் வட ஆற்காட்டில்தானே இருந்தது, அதனால் ஜில்லா ஒன்றாகிவிட்டது. ஆனால் கொள்ளுப்பாட்டியின் பிறந்த வீடே சித்தூர்ப் பக்கம் என்றால்? அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்தேன். கிணற்றடி நிலத்தை விற்ற கிரயப் பத்திரம், கப்பல் போன மூன்றாம் வருஷம். மைனர் மகனுக்குக் கார்டியனாகக் கொள்ளுப்பாட்டியே எழுதிக் கொடுத்தது. அடியில் கையெழுத்துக்குப் பதில் அவளுடைய கீறல். மை ஊறி, ஒரு பக்கம் தடித்து, கோணலாக. விரலை வைத்துப் பார்த்தேனடா.

அவள் போகவே இல்லை. நேட்டாலில் ஒப்பந்தம் ஐந்து வருஷம், மூன்றாம் வருஷம் இங்கே வந்து கீறல் வைக்க முடியுமா? நூறு ஆணுக்கு நாற்பது பெண் ஏற்ற வேண்டும் என்று விதி. கப்பலுக்குக் காத்திருந்த சென்னை டிப்போவிலேயே ஜோடி சேர்ந்து கப்பலேறியவர்கள் உண்டு. இதுவும் அப்படித்தான் இருக்கும்.

அந்தப் பதினெட்டு வயதுக்காரிமேல் எனக்குக் கோபமில்லை. என்ன கஷ்டமோ. கொள்ளுத்தாத்தாமேல்தான் ஆறவில்லை. பத்து வருஷம் இருந்தால் திரும்பிவர இலவசக் கப்பல் இருந்ததே! கொள்ளுப்பாட்டி சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை.

அக்காவுக்கு இதை எப்படி எழுதுவது? இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

பத்திரத்தில் நிலத்தை எதற்காக விற்றாள் என்று சொல்லும் வரியைக் கரையான் அரித்திருக்கிறது. முப்பது வருஷம் பத்திர ஆபீஸில் இருந்தவன் நீ. ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியோடு வந்து சேர். தங்கச்சியையும் அழைத்து வா.