டர்பனிலிருந்து அப்பாவுக்கு: நைல் நதிப் பாடம்

சாட்ஸ்வொர்த், டர்பன்
ஆடி மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் நால்வரும் இங்கே நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமாக இருக்க வைத்தீஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன். உங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. பெரும்பகுதி எல்லைக்கல் விவகாரமாகவே இருந்தாலும், "அங்கே யாரோடு, எந்த மொழியில் பேசுகிறாய்?" என்று ஓரத்தில் கேட்டிருந்தீர்களே, முதலில் அதற்கே பதில் எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் பெரும்பாலும் தமிழர்கள்தாம். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்து இறங்கியவர்கள் தொடங்கி, 1911 வரை கப்பல் கப்பலாக வந்து சேர்ந்தவர்களின் வாரிசுகள். தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துக் கண்ணீர் மல்கப் பாடுகிறார்கள். ஆடி பிறந்தால் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சி ஊற்றுகிறார்கள். ஆனால் வீட்டுக்குள் பேச்சு முழுவதும் ஆங்கிலம்தான். ஆகவே தமிழர்களோடு பழகுவதற்கே நான் ஆங்கிலம் படிக்க வேண்டியிருக்கிறது.

சொல்லிக்கொடுப்பவர் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. எழுபது வயதைத் தாண்டியவர். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். கடைக்குப் போனால் எப்படிப் பேசுவது, ஆஸ்பத்திரியில் என்ன சொல்வது என்றெல்லாம் அவர் கற்றுத்தர மாட்டார். "அதைக் கடைக்காரர்களே உனக்குச் சொல்லித் தருவார்கள், நான் நதிகளையும் நகரங்களையும் சொல்லித்தருகிறேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பெரியவனின் ஐந்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தில் பண்டைய எகிப்து பாடமாக இருக்கிறது. அதுவும் ஆன்ட்டி சேர்த்துவைத்திருக்கும் பழைய படப் புத்தகங்களும்தான் எனக்குப் பாடநூல். அடுப்படி மேசையில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே படத்தைக் காட்டுவார், பெயரைக் கையால் மறைத்துக்கொள்வார். ஒரு நாளைக்கு ஐந்து சொற்கள். அவற்றை வைத்து, மறுநாள் அந்த நாட்டின் கதையை நான் திருப்பிச் சொல்ல வேண்டும். வெறுமனே ஒப்பித்தால் ஏற்க மாட்டார். மன்னர் எங்கே, விவசாயி எங்கே, நெல்லுக்குப் பதில் அங்கே என்ன விளைந்தது என்று கேள்விமேல் கேள்வி கேட்பார். கதையில் சொல் வந்துவிட்டால் அது மறப்பதில்லை, அப்பா. தனித்தனியாக நோட்டில் எழுதிவைத்த சொற்களெல்லாம் மறுநாளே போய்விட்டன.

மொஹஞ்சதாரோ பாடத்தில் டிரெயின் (சாக்கடை), பிரிக், ஃபவுண்டேஷன், ஓவர்ஃப்ளோ எல்லாம் வந்தன. தெருவின் இரு பக்கமும் செங்கல்லால் சாக்கடை கட்டி, மேலே மூடிபோட்டு, வீட்டுக்கு வீடு இணைத்திருந்தார்களாம். அந்த வாரமே எங்கள் வாசலில் தண்ணீர்க் குழாய் உடைந்துபோனது. உங்கள் மாப்பிள்ளை கோயிலில் கோபுரத்தின் மேல் வேலையாக இருந்தார். நானே நகராட்சிக்குப் போன் செய்து, டிரெயின் அடைத்துக்கொண்டது, தண்ணீர் ஓவர்ஃப்ளோ ஆகிச் சுவரின் ஃபவுண்டேஷனைத் தொடுகிறது என்று சொன்னேன். சாயங்காலம் ஆள் வந்துவிட்டது.

ஸ்கிரைப், அதாவது கணக்கு எழுதிவைப்பவர், என்ற சொல் வந்த அன்று ஆன்ட்டி உள்ளே போய் ஒரு காகிதத்தை எடுத்துவந்தார். அவருடைய கொள்ளுப்பாட்டி கப்பலேறியபோது பதிவு செய்த பக்கத்தின் நகல். ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஊர், உடம்பில் இருந்த தழும்பு. பெயரை எழுதிய குமாஸ்தா இரண்டு எழுத்தை விழுங்கியிருக்கிறார்; அந்தக் குறைப்பெயரே இன்றைக்கு அவர்கள் குடும்பப் பெயர். எகிப்தில் எத்தனை மூட்டை கோதுமை, எத்தனை மாடு, எத்தனை ஆள் என்று எழுதிவைத்தவரும் இப்படித்தான், எழுதியதே நிலைக்கும் என்றார். நான் அந்தத் தாளை வெகுநேரம் கையில் வைத்திருந்தேன்.

இங்கே இப்போது நடுக்குளிர்காலம். விடிகாலையில் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஹீட்டர் வாங்கவில்லை, சின்னவளோடு ஒரே கம்பளிக்குள் படுத்துக்கொள்வதால் அதற்குத் தேவையும் இல்லை. ரொட்டியை நடுவில் குடைந்து, உள்ளே குழம்பை ஊற்றித் தரும் பன்னி சௌ என்றொரு பண்டம் இங்கே பிரசித்தம். பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். நான் மிளகு ரசம் வைத்த அன்று, கிமு 1213இல் இறந்த எகிப்தின் இரண்டாம் ராம்சேஸ் மன்னரைப் பதப்படுத்தியபோது மூக்கில் மிளகு வைத்தார்கள் என்று ஆன்ட்டி சொன்னார். நம் பக்கத்து மலையில் விளைந்தது அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

ஆனால் உங்களுக்கென்றே நான் எடுத்துவைத்திருந்தது நைல் பாடம். ஃப்ளட், சில்ட், கெனால், இரிகேஷன், டெல்டா. வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரின் மகளுக்கு இவற்றை விளக்க ஆன்ட்டிக்கு வேலையே இருக்கவில்லை. எத்தியோப்பிய மலைகளில் மழை பெய்து, நம் ஆனி ஆடியில் நைல் பொங்கும், புரட்டாசி வரை வயலில் தண்ணீர் நின்று வடிந்தபின் கறுப்பு வண்டல் படியும், அதில் விதைப்பார்கள். வெள்ளம், பயிர், அறுவடை என்று நான்கு நான்கு மாதமாக மூன்றே பருவங்கள். 1970இல் அஸ்வான் உயர் அணை முடிந்தபின் அந்த வெள்ளம் இல்லை, வண்டலும் அணைக்குப் பின்னாலேயே தங்கிவிடுகிறது. அவர்களிடமும் ஏற்றம் இருந்திருக்கிறது, ஷாடுஃப் என்கிறார்கள். படத்தில் கம்பும் வாளியும் எதிர்முனைப் பாரமும் அப்படியே நம் கொல்லை ஏற்றம்தான்.

ஆற்றங்கரையில் கல் படிகள் இறங்கும் ஓர் இடம் இருந்தது. பக்கச் சுவரில் அளவுக் கோடுகள் வெட்டியிருப்பார்கள். வெள்ளம் எந்தக் கோட்டைத் தொட்டது என்று பார்த்து அந்த ஆண்டின் விளைச்சலையும் வரியையும் கணிப்பார்கள். நைலோமீட்டர் என்று பெயர். எலிஃபன்டைன் தீவில் இன்றும் இருக்கிறது. காப்பி ஆறுவது தெரியாமல், 120 அடிக்கு இன்னும் எத்தனை அடி பாக்கி என்று பேப்பரில் மேட்டூர் மட்டம் பார்ப்பீர்களே, அதை ஆன்ட்டியிடம் சொல்ல வாயெடுத்தேன். சொற்கள் எல்லாம் இருந்தன, குரல் எழும்பவில்லை. குடமுருட்டியில் இந்நேரம் புதுத் தண்ணீர் நுரையோடு வந்திருக்கும். பதினெட்டாம் பெருக்குக்கு அம்மா படித்துறையில் காதோலை கருகமணி வைத்துப் படைப்பார். மஞ்சள் கயிற்றை இந்த வருஷமும் எனக்கு யாரும் கட்டிவிடப் போவதில்லை. எனக்கு வீட்டுக்கு வர வேண்டும் போலிருக்கிறது, அப்பா. அம்மாவிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம்.

வெள்ளம் வடிந்ததும் வரப்புகள் அழிந்திருக்குமாம். முடிச்சுப் போட்ட கயிற்றை இழுத்துப் பிடித்து ஒவ்வொருவர் வயலையும் மறுபடி அளந்து கொடுக்க அங்கே தனி ஆட்கள் இருந்தார்கள். சித்தப்பாவோடு வாய்ச்சண்டை வேண்டாம். தாலுக்கா ஆபீசில் புலப்பட நகல் வாங்கி, சர்வேயருக்குப் பணம் கட்டி, இரண்டு தரப்பும் நிற்கும்போது அளக்கச் சொல்லுங்கள். கல் நகர்ந்திருந்தால் சர்வேயரே பார்த்துக்கொள்ளட்டும். அதுவரை தம்பி எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது. வாய்க்கால் ஓரத்து மூன்று மா நிலத்தை விற்று போர்வெல் போடலாம் என்கிற பேச்சையும் இப்போதைக்கு நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்; தலைப்புத் தண்ணீர் முதலில் பாய்கிற நிலம் அது ஒன்றுதான்.

கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கும் என் வளையலை இந்த முறை திருப்ப வேண்டாம். வட்டியை மட்டும் கட்டி மாற்றி வையுங்கள். ஒரு கோயில் வேலை முடிந்து அடுத்தது தொடங்கச் சற்று இடைவெளி விழுந்திருக்கிறது, வேறொன்றுமில்லை, தைக்குள் அனுப்பிவிடுகிறேன். அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். மேலத்தெரு அத்தையிடம் வாங்கியதற்கு நான் எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். சர்வேயர் வரும் தேதி தெரிந்ததும் உடனே எழுதவும்.

உங்கள் அன்பு மகள்