ஜாஸ் வாங்கும்போது பதிப்பையும் பார்

அன்புள்ள பாலு,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை உறுதியானதில் ரொம்ப மகிழ்ச்சி. டர்ன்டேபிளும் வந்தாயிற்று, ஜாஸில் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறாய். பெயர்களைச் சொல்வது சுலபம். ஆனால் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறுவாய். எந்தப் பதிப்பு என்றும் பார்க்க வேண்டும்.

டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’விலிருந்து ஆரம்பி. 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில், நியூயார்க் 30ஆம் தெருவில் கொலம்பியா ரெக்கார்ட் கம்பெனி வைத்திருந்த ஸ்டூடியோவில் பதிவானது. ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்த கட்டடம் அது. மார்ச் 2 அன்று மாஸ்டர் டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடிவிட்டது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறத்தானே செய்யும்? முதல் பக்கத்து உருப்படிகள் மூன்றும் 30 வருடத்துக்கு மேல் ஏறிய சுருதியிலேயே விற்றன. கூடவே ஓடிய இன்னொரு மெஷினின் டேப்பை வைத்து 1992இல்தான் சரிசெய்தார்கள். 1997 முதல் வந்த கொலம்பியா சிடிகளை நம்பி வாங்கலாம்.

பழைய பிரதி கையில் கிடைத்தால் இப்படிச் சோதித்துப் பார். எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை 2 கட்டையில் வைத்து, ஃபைன் டியூனை நடுவில் நிறுத்திவிட்டு முதல் பக்கத்து ‘ஸோ வாட்’டைப் போடு. நடுப்பகுதி அரை சுரம் ஏறி 2½ கட்டைக்குப் போய்த் திரும்பும், அதைக் கணக்கில் எடுக்காதே. மற்ற இடங்களில் பேஸ் (கீழ்ஸ்தாயித் தந்தி வாத்தியம்) சுருதிப் பெட்டியோடு ஒட்டாமல் ஒரு நூல் மேலே நின்றால் அது திருத்தாத பதிப்பு. ஆனால் அதற்கு முன் இரண்டாம் பக்கத்து ‘ஆல் ப்ளூஸ்’ஸை 5 கட்டையில் ஒப்பிட்டுவிடு. ஏப்ரல் பதிவில் அந்தப் பிழை கிடையாது. அதுவும் சேரவில்லை என்றால் குறை உன் டர்ன்டேபிளின் வேகத்தில். இன்னொன்று, ஸ்டீரியோவில் இடப்பக்கம் கேட்பது ஜான் கோல்ட்ரேன், வலப்பக்கம் கேனன்பால் ஆடர்லி. இரண்டு சாக்ஸஃபோனையும் பிரித்துக் கேட்கப் பழக இதைவிட நல்ல ரெக்கார்ட் இல்லை.

டியூக் எலிங்டனின் ‘நியூபோர்ட்’ கச்சேரியில் சங்கதியே வேறு. 1956 ஜூலை 7 இரவு அவர் குழுவின் பால் கொன்சால்வஸ் டெனர் சாக்ஸஃபோனில் ஒரே ப்ளூஸ் மெட்டை 27 சுற்று விடாமல் வாசித்தார், கூட்டம் எழுந்து ஆடியது. ஆனால் அவர் கொலம்பியாவின் மைக்கை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ வானொலியின் மைக்கில் வாசித்துவிட்டார்! அதனால் கொலம்பியாவின் எல்பி ரெக்கார்டில் அவர் எங்கோ தூரத்தில் கேட்பார். போதாததற்கு, அந்த எல்பியில் பெரும்பகுதி பிறகு ஸ்டூடியோவில் மறுபடி வாசித்து, கைத்தட்டல் ஒட்டியது. வானொலி டேப் கிடைத்த பிறகு, இரண்டு மோனோ பதிவுகளையும் இணைத்து 1999இல் இரட்டை சிடியாக வெளியிட்டார்கள். அதை மட்டும் வாங்கு. எல்பி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பில் எவன்ஸில் ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’. 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் கச்சேரி நடக்கும்போதே பதிவானது. கண்ணாடி டம்ளர் சத்தமும் பேச்சுச் சத்தமும் கேட்கும். ரெக்கார்ட் பழுது என்று கடைக்காரரிடம் போய் நிற்காதே. பியானோவை விட்டுவிட்டு ஸ்காட் லஃபாரோவின் பேஸை மட்டும் ஒருமுறை கேள். தாளம் பிடிப்பதோடு நிற்காமல் பதிலுக்குப் பதில் பேசிக்கொண்டே வரும். 11 நாள் கழித்து கார் விபத்தில் போய்விட்டார், வயது 25. சில சிடிகளில் ஒரே பாட்டை மறுபடி வாசித்த வேறு பதிவுகளையும் சேர்த்திருப்பார்கள். முதல் தடவை அவற்றைத் தாண்டிவிடு.

கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ (1964 டிசம்பர் 9இல் பதிவு, அடுத்த வருடம் வெளியீடு) மட்டும் கட்டாயம் அட்டையோடு வேண்டும். உள்ளே அவர் எழுதிய பிரார்த்தனைக் கவிதை இருக்கிறது. கடைசிப் பகுதியான ‘சாம்’மில் சாக்ஸஃபோன் அந்த வரிகளையே, தாளக்கட்டு இல்லாமல், விருத்தம் பாடுவது போல் வாசித்துப் போகிறது. கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் பின்தொடரலாம். டவுன்லோட் செய்தவர்களுக்கு இது கிடைக்காது.

பேஸ் கலைஞர் சார்ல்ஸ் மிங்கஸின் ‘மிங்கஸ் ஆ அம்’மில் எல்பிக்கு இடம் போதாமல் பல உருப்படிகளை நறுக்கியிருந்தார்கள், முழு நீளத்தில் உள்ள சிடியாகப் பார்த்து வாங்கு. லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் 1925–28 ‘ஹாட் ஃபைவ்’, ‘ஹாட் செவன்’ பதிவுகளில் இரைச்சலைச் சுத்தமாகத் துடைத்த பதிப்புகளைத் தொடாதே. இரைச்சலோடு டிரம்பெட்டின் கூர்மையும் போய்விடும்.

ஜான் கோல்ட்ரேனின் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேனின் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ (1971) உனக்கு எப்படியும் பிடிக்கும். தம்பூரா ரீங்காரத்தின் மேல் ஹார்ப். தலைப்பில் இருக்கும் சுவாமி சச்சிதானந்தா உங்கள் கோவைப் பக்கம் செட்டிபாளையத்துக்காரர்தான்.

கட்டுப்பாடுகளை உடைத்து வாசித்த சாக்ஸஃபோன்காரர் ஆர்னெட் கோல்மனை வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. முதலில் இவற்றைக் கேட்டுவிட்டு எழுது, பிறகு அவரைப் பற்றிச் சண்டை போடலாம்.

அன்புடன்,
சேகர்