பாட்டில் கை மாறும் முன்

ஹலசூரு, பெங்களூர்

அன்புள்ள முகிலா,

அடுத்த மாதம் ஆறு பேர் கூடி, அவரவர் வீட்டில் காய்ச்சிய பியரை மாற்றிக்கொண்டு ருசி பார்க்கப் போகிறீர்கள் என்றாய். போனில் நீ கேட்டதெல்லாம் எந்த ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) போடலாம் என்பதுதான். அது எனக்கு இரண்டாம்பட்சம். பியர் கம்பெனிப் பரிசோதனைக்கூடத்தில் (லேபில்) இருந்த என்னிடம் கேட்டால் பாட்டிலைப் பற்றித்தான் பேசுவேன். நீ நொதிக்கும் வாளியிலிருந்து (ஃபெர்மென்டர்) எடுத்து ருசி பார்த்த பியர் வேறு. மூன்று வாரம் கழித்து இன்னொருவர் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து கிளாஸில் விழுவது வேறு. நடுவில் காற்று, வெளிச்சம், சூடு, மிச்சச் சர்க்கரை நாலும் தங்கள் வேலையைச் செய்திருக்கும்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அப்பா தினமும் அதைத்தான் கேட்கிறார். அமெரிக்காவில் வீட்டு பியருக்கு 1978-இல் கையெழுத்தான சட்டம் வழிவிட்டது. பெரியவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு வருஷத்துக்கு 100 கேலன், இரண்டு பேரோ மேலோ இருந்தால் 200. விற்கக் கூடாது. உன் ஒரிகனில் 2010-இல் ஒரு சிக்கல் வந்தது. வீட்டில் காய்ச்சியதை வெளியே கொண்டுபோய்க் குடிக்கக் கூடாது என்று மாநிலச் சட்டத்துக்குப் பொருள் சொல்லப்பட்டு, மாநிலக் கண்காட்சியில் நடக்கும் வீட்டு பியர் போட்டியே அந்த வருஷம் நின்றுபோனது. 2011-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆகவே கையில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். தபாலில் மட்டும் அனுப்பாதே, அமெரிக்கத் தபால் துறை மதுவை ஏற்பதில்லை. இங்கே கர்நாடகக் கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் காய்ச்சக் கூடாது. அதனால் லீவுக்கு வரும்போது நம் சமையலறையில் ஒரு பேட்ச் போடலாமா என்ற கேள்விக்கு என் பதில் 'கூடாது'.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நொதிப்பு முடிந்ததா என்பதைக் குமிழி வருகிறதா என்று பார்த்து முடிவு செய்யாதே. ஹைட்ரோமீட்டர் (பியரின் அடர்த்தியைக் காட்டும் கருவி) மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். 1.012 என்றால் மூன்று நாளும் 1.012. ஹாப்ஸைக் கடைசியில் பச்சையாகப் போடுகிறவன் நீ. அதைப் போட்ட பிறகும் இதே மாதிரி பார். ஹாப்ஸில் இருக்கும் என்ஸைம்கள் ஈஸ்ட்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரினை உடைத்து மறுபடி சர்க்கரையாக்கும். நின்றிருந்த நொதிப்பு திரும்பவும் நகரும். அது பாட்டிலுக்குள் நகர்ந்தால் மூடி தாங்காது, சில சமயம் கண்ணாடியே தாங்காது.

பாட்டில் செய்வதற்கு (பியரைப் பாட்டிலில் அடைத்து மூடுவதற்கு) முன் டயசெட்டைல் (வெண்ணெய் வாசனை தரும் பொருள்) சோதனை ஒன்று உண்டு, செலவே இல்லை. இரண்டு கிளாஸில் கொஞ்சம் பியர் எடு. ஒன்றை ஃபாயிலால் மூடி 60–70 டிகிரி வெந்நீரில் இருபது நிமிஷம் வை, பிறகு ஆறவிடு. இன்னொன்றைச் சும்மா வை. இரண்டையும் முகர்ந்து பார். சுட வைத்ததில் மட்டும் வெண்ணெய் வாசனை வந்தால் டயசெட்டைலாக மாறக் காத்திருக்கும் பொருள் இன்னும் பியரில் இருக்கிறது. ஈஸ்ட்டோடு 18–20 டிகிரியில் இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டுவை. இரண்டிலும் இல்லையென்றால் பாட்டில் செய்யலாம். வீட்டில் காய்ச்சுகிற பலர் இதைச் செய்யாமலேயே பாட்டில் செய்து, கூட்டத்தில் பாப்கார்ன் வாசனையோடு வந்து நிற்பார்கள்.

பாட்டிலுக்குள் கேஸ் ஏறுவதற்காகச் சேர்க்கும் சர்க்கரைக்குக் கரண்டி கூடாது, தராசு வேண்டும். 20 டிகிரியில் நொதித்த சாதாரண ஏல் வகை பியருக்கு, லிட்டருக்கு 6 கிராம் வெள்ளைச் சர்க்கரை போதும். உன் 19 லிட்டருக்கு 114 கிராம். டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) என்றால் 130 கிராம் அளவில். ஒரு டம்ளர் தண்ணீரில் ஐந்து நிமிஷம் கொதிக்கவைத்து ஆற்றி, காலி வாளியின் அடியில் ஊற்றி, அதன் மேல் பியரைக் குழாய் வழியே மெதுவாக இறக்கு. கடைசியில் சுத்தமான கரண்டியால் சத்தமில்லாமல் இரண்டு சுற்று. இந்தச் சுற்று விட்டுப்போனால் பாதி பாட்டில் சப்பென்று இருக்கும், பாதி பொங்கும். இரண்டும் ஒரே பேட்ச் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

பாட்டில் பழுப்பு நிறமாக இருக்கட்டும். பச்சை, வெள்ளைக் கண்ணாடி வேண்டாம். ஹாப்ஸின் கசப்புப் பொருளை வெளிச்சம் உடைத்தால் வரும் கந்தக நாற்றம் டிரில்லியனில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரியும். வெயிலில் அது சில நிமிஷ வேலை. திருகி மூடும் கழுத்துள்ள பாட்டிலும் வேண்டாம், உன் கை மெஷின் போடும் சாதா மூடி அதில் சரியாகப் பிடிக்காது. அடியில் வட்டமாகக் கறை ஒட்டியிருக்கிறதா என்று லைட்டுக்கு நேரே தூக்கிப் பார். கறை இருக்கும் பாட்டிலில் கிருமிநாசினி வேலை செய்யாது, முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகுதான் ஸ்டார் சான் என்ற கிருமிநாசினி, 19 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி, ஒன்றிரண்டு நிமிஷம். நுரை ஒட்டியிருந்தால் இருக்கட்டும், அலசாதே.

காற்றைப் பற்றி நீ கேட்கவே இல்லை, எனக்கு அதுதான் கவலை. அடி வரை போகும் நிரப்புக் குழாயை உள்ளே விட்டு, பியர் விளிம்பு தொடும்வரை நிரப்பு. குழாயை எடுத்ததும் தானாக இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் இடம் விழும். உடனே மூடியை மேலே வை, நுரை மேலேறி மூடியைத் தொடும்போது அழுத்து. பத்துப் பாட்டில் நிரப்பிவிட்டுப் பிறகு மூடுகிற பழக்கம் உன் வீடியோவில் தெரிந்தது, அதை விடு. காற்று பட்ட பியரில் முதலில் ஹாப்ஸ் மணம் போகும், அப்புறம் தேன் மாதிரி ஒரு மந்தம், கடைசியில் நனைந்த அட்டைப்பெட்டி. நீ போடும் மங்கலான ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலான ஏல்) இதில் மற்ற எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் கெடும். நிறமே சாம்பல் பழுப்பாக மாறும். அதைக் கூட்டத்துக்கு எடுத்துப் போகாதே. பிட்டரோ (ஆங்கிலேயக் கசப்பு ஏல்) ஸ்டவுட்டோ (கறுப்பு பியர்) எடுத்துப் போ, அவை பயணம் தாங்கும்.

ஒவ்வொரு பேட்சிலும் கொஞ்சம் பியரை மட்டும் அரை லிட்டர் சோடா பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி வை. கையால் அமுக்கிப் பார்த்தாலே கேஸ் ஏறியது தெரியும். மற்றவை 20–22 டிகிரியில் இரண்டு வாரம், மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள். உன் அறை 16 டிகிரி என்றால் மூன்று வாரம். பிறகு ஒன்றை ஃப்ரிட்ஜிலும் ஒன்றை 30 டிகிரியிலும் பத்து நாள் வைத்து இரண்டையும் சேர்த்துத் திற. இங்கே ஏப்ரலில் நம் மாடி அறையே இன்குபேட்டர். அங்கே ஐஸ் பெட்டிக்குள் வெந்நீர் பாட்டில் போட்டு மாற்றிக்கொண்டே இரு, அதையும் மூடியே வை. சூட்டில் இருந்தது புளித்தோ பீறிட்டோ வந்தால் அந்த பேட்ச் வெளியே போகக் கூடாது. அட்டை வாசனை மட்டும் என்றால் போகலாம், ஆனால் கொடுக்கும்போதே 'சீக்கிரம் குடி, குளிரில் வை' என்று சொல்லிக் கொடு.

ஒவ்வொருவருக்கும் இரண்டு பாட்டில் கொடு, ஒன்றல்ல. ஐந்து பேருக்குப் பத்து. உனக்கு 48 பாட்டிலுக்குக் குறையாமல் வரும், கஞ்சத்தனம் வேண்டாம். காரணம் இதுதான்: ஒரு பாட்டில் பொங்கினால் அந்தப் பாட்டில் அழுக்கா, பேட்சே கெட்டதா என்று சொல்ல முடியாது. இரண்டாவதும் பொங்கினால் சர்க்கரை அதிகம், அல்லது நொதிப்பு முடியவில்லை, அல்லது கிருமி. பொங்கிய பியரை நன்றாகக் குளிரவைத்துத் திறந்தால் அடங்கி, ருசியும் சரியாக இருந்தால் அநேகமாகச் சர்க்கரைதான். குளிர்ந்தும் பொங்கி, உடம்பில்லாமல் தண்ணீர் மாதிரி இருந்தால் அநேகமாகக் காட்டு ஈஸ்ட். அந்த வீட்டில் ஒரு குழாயோ வாளியோ குப்பைக்குப் போக வேண்டும்.

மூடி மேல் மார்க்கரால் ஒரு குறி, கூடவே ஒரு சீட்டு: வகை, பாட்டில் செய்த தேதி, ஆல்கஹால் சதவீதம், எந்த ஈஸ்ட், அடிமண்டியைக் கலக்க வேண்டுமா விட வேண்டுமா. லாக்டோஸோ கொட்டைப் பருப்போ போட்டிருந்தால் பெரிய எழுத்தில்.

ருசி பார்க்கும் நாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லேசானதில் தொடங்கி, கசப்பு, கறுப்பு, வலுவானது என்று போய்ப் புளிப்பைக் கடைசியில் வையுங்கள். ஒரு கிளாஸில் 80–100 மில்லி போதும். வெறும் ரொட்டி, தண்ணீர். நான் அனுப்பிய மோர்மிளகாயை அன்றைக்குத் தொடாதே. எல்லாரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. முதலில் ஒருவன் 'வாழைப்பழம்' என்றால் மற்ற ஐந்து பேர் மூக்குக்கும் வாழைப்பழம் வந்துவிடும். வண்டி ஓட்டுகிறவர் துப்பிவிடட்டும், லேபில் நாங்கள் சந்தேகமான பாட்டிலைத் துப்பத்தான் செய்வோம்.

எழுதுவதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுவார்கள். 'நல்லா இருக்கு' என்பதும் 'எனக்குப் பிடிக்கலை' என்பதும் காய்ச்சினவருக்கு உதவாது. மூன்று விஷயம் எழுது: என்ன தெரிந்தது, எங்கே தெரிந்தது (மூக்கிலா, நாக்கிலா, விழுங்கின பிறகா), எதனால் இருக்கலாம். மூன்றாவதைக் கேள்வியாக எழுது, ஏனென்றால் அவர் அடுப்பு உனக்குத் தெரியாது.

வெண்ணெய் என்றால் எத்தனை நாளில் ஈஸ்ட்டிலிருந்து பிரித்தார் என்று கேள். எல்லாப் பாட்டிலிலும் ஒரே அளவில் இருந்தால் அவசரப்பட்டிருக்கிறார்; நாளாக ஆக ஏறி, கூடவே புளிப்பும் சேர்ந்தால் பீடியோகாக்கஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கும், அது காத்திருந்து தீராது. பச்சை ஆப்பிள் வாசனை அநேகமாக இளம் பியர், அதற்கு நேரம்தான் வைத்தியம். வேகவைத்த மக்காச்சோளம் என்றால் பில்ஸ்னர் மால்ட் (முளைகட்டி லேசாகக் காயவைத்த பார்லி) சாற்றை மூடி போட்டுக் கொதிக்கவைத்தாரா என்று கேள். திறந்து 60–90 நிமிஷம் கொதிக்கவைத்துச் சட்டென்று குளிரவைத்தால் போய்விடும். டீத்தூள் மாதிரி நாக்கு வறண்டால் மால்ட்டை அலசிய தண்ணீர் அதிகச் சூடா, மால்ட்டை மாவாக அரைத்துவிட்டாரா என்பது கேள்வி. கிராம்பு வாசனையைக் குற்றம் என்று எழுதுவதற்கு முன் ஈஸ்ட்டின் பெயரைப் பார். ஜெர்மன் கோதுமை பியருக்கு அது வேண்டியது.

மருந்துக்கட்டு நாற்றம் உங்கள் கூட்டத்தில் கட்டாயம் ஒருவரிடமாவது வரும். போர்ட்லாந்து குழாய்த் தண்ணீர் மென்மையானது, பியருக்கு அருமை, ஆனால் அதில் குளோரமைன் இருக்கிறது. வெறும் குளோரின் மாதிரி இரவு முழுக்கத் திறந்து வைத்தால் போகிற சரக்கல்ல. அது மால்ட்டின் ஃபீனாலோடு சேர்ந்து குளோரோஃபீனாலாகும். அதை முறிக்கும் கேம்ப்டன் (சல்ஃபைட்) மாத்திரை ஒன்று 75 லிட்டர் தண்ணீருக்குப் போதும்; உனக்கு அரை மாத்திரை, பொடித்து, மால்ட் போடுவதற்கு முன்.

மதிப்பெண் போடத்தான் வேண்டுமென்றால் பிஜேசிபி (பியர் நடுவர்களுக்குச் சான்று தரும் அமைப்பு) தாள் இருக்கிறது: மணம் 12, தோற்றம் 3, ருசி 20, வாயில் தங்கும் உணர்வு 5, மொத்த அபிப்பிராயம் 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று என்பது எனக்குப் பிடிக்கும். ஆனால் உங்கள் ஆறு பேருக்கு இதைவிட முக்கோணச் சோதனை பயன்படும். உன் இரண்டு பேட்சுக்கு நடுவில் வித்தியாசம் உண்டா என்று தெரிய வேண்டுமா? ஒவ்வொருவர் முன்னும் மூன்று கிளாஸ், இரண்டில் ஒன்று, ஒன்றில் மற்றது. எது தனி என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்வார். ஆகவே ஆறில் நாலு பேர் கண்டுபிடித்தாலும் போதாது, ஐந்து பேர் வேண்டும். காய்ச்சினவன் ஊற்றக் கூடாது, முகமே காட்டிக்கொடுக்கும்.

மூக்கைப் பழக்க, மணமில்லாத கடை லாகர் பியர் ஐந்து வாங்கு. ஒன்றில் 2 மில்லி வினிகர், ஒன்றில் ஒரு துளி வெண்ணெய் எசன்ஸ், ஒன்றின் கிளாஸில் டின் மக்காச்சோளத் தண்ணீர் ஒரு டீஸ்பூன். நாலாவதைப் பச்சைப் பாட்டிலில் வாங்கி அரை மணி நேரம் வெயிலில் வை. எதுவும் சேர்க்காத இன்னொன்றோடு ஒப்பிட்டு முகர்ந்துவிட்டுக் கூட்டத்துக்குப் போ.

இனி டிசம்பரில் நீ லீவுக்கு இங்கே வருவதைப் பற்றி. லேபில் என்னோடு இருந்த இரண்டு பேர் உன் பியரை ருசி பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள், ஒருவர் சிவாஜிநகர், ஒருவர் ஃப்ரேசர் டவுன். இருவரும் முகத்துக்கு நேரே சொல்வார்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டேன். கஸ்டம்ஸில் ஒரு ஆளுக்கு இரண்டு லிட்டர்தான். 355 மில்லிப் பாட்டில் ஐந்து என்றால் 1.775 லிட்டர், அதற்குள் நிறுத்து. ஸ்டவுட் இரண்டு, பிட்டர் இரண்டு, உனக்கு நம்பிக்கை இல்லாத பேட்ச் ஒன்று. ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, துணியில் சுற்றி, செக்-இன் பெட்டியின் நடுவில் வை. கேஸ் அதிகம் ஏறியதை எடுத்து வராதே, வழியில் சூட்டில் எங்கே நிற்குமோ தெரியாது. வந்ததும் ஃப்ரிட்ஜில் மூன்று நாள் நிமிர்த்தி வைக்க வேண்டும், மண்டி அடங்கட்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினால் வியாழனுக்கு முன் யாரையும் கூப்பிட மாட்டேன். கீழ்த்தட்டில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்குகிறேன்.

பிட்டரின் கடைசி மூன்று நாள் ஹைட்ரோமீட்டர் எண்ணை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு. பார்த்துவிட்டுச் சர்க்கரை அளவைச் சொல்கிறேன், அதுவரை பாட்டில் செய்யாதே.

அன்புடன்,
அம்மா