இரைவிழுங்கிப் பூச்சிகளை வழங்கினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ, 2016-ஆம் ஆண்டு நம் நாட்டிலேயே முதன்முதலாகப் பொள்ளாச்சிப் பகுதியில்தான் கண்டறியப்பட்டது. ஓலையின் அடிப்புறத்தில் வெள்ளை மெழுகும், ஈ கழிக்கும் தேன் போன்ற கசிவில் படரும் கரும்பூசணமும் இன்று ஆனைமலை, உடுமலைத் தோப்புகளில் பழகிப்போன காட்சிகளாகிவிட்டன. இதைக் கட்டுப்படுத்த, புழுப் பருவத்தில் வெள்ளை ஈயின் குஞ்சுகளை இரையாக்கும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகளைத் தோப்பில் விடுமாறு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது சரியே. ஆனால் அவற்றை வழங்கும் முறையிலும் விட்டபின் காக்கும் முறையிலும்தான் கோளாறு இருக்கிறது.

காகித அட்டையில் ஒட்டி வழங்கப்படும் இம்முட்டைகள் மூன்று நான்கு நாட்களில் பொரிந்துவிடும். விடுமுறை நாளும் சேர்ந்து அலுவலகத்தில் தேங்கினால், பொரிந்த புழுக்கள் இரையின்றி ஒன்றையொன்று தின்றுவிட, விவசாயியின் கைக்கு வருவது பெரும்பாலும் வெறும் அட்டைதான்.

உரிய நேரத்தில் கிடைத்து விட்டாலும், மறு வாரமே அதே தோப்பிலோ பக்கத்துத் தோப்பிலோ பூச்சிக்கொல்லி அடிக்கிறார்கள். மருந்துக்கடையில் போய்க் கேட்டால் மருந்துதான் தருவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நன்மை செய்யும் பூச்சியை அடையாளம் காட்டுவார் இல்லை என்பதே குறை. தென்னையில் காணப்படும் ஒரு வகைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு, தான் உறிஞ்சிய ஈக்குஞ்சுகளின் சக்கையை முதுகில் சுமந்து நகர்வதால் வெறும் தூசித் துணுக்காகவே தெரியும். மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழுவோ, மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை மெழுகு போர்த்தியிருக்கும். அதைக் கண்டு, மாவுப்பூச்சி பெருத்துவிட்டதென மருந்தடித்த கொய்யாத் தோட்டங்களை நானே பார்த்திருக்கிறேன்.

2008-இல் கோவையில் தலைகாட்டி, மரவள்ளியையும் மல்பெரியையும் வாட்டிய பப்பாளி மாவுப்பூச்சியை, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து 2010-இல் தருவித்த ஒட்டுண்ணிக் குளவி அடக்கியதை இப்பகுதி விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். இயற்கை எதிரிகள் பூச்சியை அடியோடு ஒழிப்பதில்லை. சேதம் தாங்கும் அளவில் வைத்திருக்கும், அதுவும் மருந்தடிக்காத இடத்தில்தான்.

எனவே வட்டார வேளாண் விரிவாக்க மையங்கள், முட்டை வரும் நாளை முன்கூட்டியே ஊராட்சி அறிவிப்புப் பலகையில் எழுதி, அன்றே ஒரு பகுதியின் எல்லாத் தோப்புகளுக்கும் சேர்த்து வழங்க வேண்டும். ஒவ்வொரு அட்டையுடனும் புழுவின் வண்ணப்படத்தையும், விட்டபின் மருந்தடிக்கக் கூடாது என்ற குறிப்பையும் தமிழில் அச்சிட்டுத் தர, வேளாண் துறை உடனே ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
தென்னை விவசாயி ஒருவர்,
ஆனைமலை.