'ங்க' இல்லாத ஊரில் கேள்வி கேட்பது

கோபிசெட்டிபாளையம்,
ஞாயிறு.

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாயிக்கு இருமல் விட்டுவிட்டது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் இன்றைக்கு எழுதப்போவது, அந்த இங்கிலீஷ்கார ஊர் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடிந்து அரைத் தூக்கத்தில் நீ காதில் வாங்கிக்கொள்கிற விஷயம் இல்லை. கையில் வைத்துக்கொண்டு நாலு தடவை படிக்க வேண்டியது. அதனால் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

புதன்கிழமை ராத்திரி நீ அழுததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. 'நான் ரூடா பேசறேன்னு வார்டுல படுத்திருக்கற அந்தப் பாட்டி சிஸ்டர்கிட்டச் சொல்லிட்டாங்கம்மா' என்றாய். நாலு வயசுப் பையனைக்கூட 'வாங்க தம்பி' என்று கூப்பிடுகிற ஊரில் பிறந்தவள் நீ. உன்னையா மரியாதை தெரியாதவள் என்பது என்று எனக்கும் ஆத்திரம்தான் வந்தது. அப்புறம் நீ அந்தப் பாட்டியிடம் பேசியதாகச் சொன்னதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். 'கிவ் யுவர் ஹேண்ட். ஒய் யூ ஆர் நாட் ஈட்டிங்? யூ டுக் டேப்லெட், நோ?'

இந்த மூன்றையும் மனசுக்குள் நீ எப்படிச் சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். 'கையைக் குடுங்க பாட்டி. ஏன் சாப்பிடாம இருக்கறீங்க? மாத்திரை போட்டுட்டீங்கதானுங்க?' மூன்றிலும் 'ங்க' இருந்தது. இங்கிலீஷுக்குப் போகிற வழியில் அது உதிர்ந்துவிட்டது. பாட்டியின் காதில் விழுந்தது ஓர் உத்தரவும், ஒரு குற்றச்சாட்டும், ஒரு சந்தேகமும்.

இங்கிலீஷ்காரர்களுக்கு 'நீ', 'நீங்கள்' இரண்டுக்கும் ஒரே 'யூ'தான். அப்படியானால் மரியாதையை எங்கே வைக்கிறார்கள்? கேள்வியில் வைக்கிறார்கள். 'கையைக் குடுங்க' என்பதை 'குட் யூ கிவ் மீ யுவர் ஹேண்ட்?' என்று கேட்டுவிடுகிறார்கள். 'உங்களால் முடியுமா, உங்களுக்குச் சம்மதமா' என்று எதிரே இருப்பவருக்கு ஓர் இடம் விடுவதுதான் அங்கே 'ங்க'. இது நமக்குப் புதிதும் இல்லை. அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்று நன்னூல் சொல்லும் ஆறையும் பள்ளிக்கூடத்தில் ராகம் போட்டு ஒப்பித்தாயே. 'குட் யூ ரோல் அப் யுவர் ஸ்லீவ்?' என்பது ஏவல் வினா. 'வுட் யூ லைக் ஸம் வாட்டர்?' என்பது கொடை வினா. அந்த வார்டில் காலையிலிருந்து ராத்திரி வரை உனக்குத் தேவைப்படுவது இந்த இரண்டும்தான். 'ட்ரிங்க் வாட்டர்' என்று ஒரு நாளும் சொல்லாதே, கண்ணு.

28 வருஷம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்ததில் நான் கண்டது ஒன்று. கேள்வி வாக்கியத்தில் நம் பிள்ளைகள் தடுமாறுவது மூளைக்குறைவால் இல்லை. தமிழில் கேள்வி வாலில் இருக்கிறது. வாக்கியத்தை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு ஓர் 'ஆ' சேர்த்தால் போதும். 'நேத்து மாத்திரை போட்டீங்களா?' சந்தேகம் எந்தச் சொல்லில் இருக்கிறதோ அதன் மேல் 'ஆ'வை நகர்த்தி வைத்துக்கொள்ளலாம். 'நேத்தா மாத்திரை போட்டீங்க?', 'நேத்து மாத்திரையா போட்டீங்க?' எவ்வளவு சுகமான வசதி! அந்தப் பழக்கத்தில்தான் 'டாக்டர் கம்மிங்கா?' என்கிறோம். இங்கிலீஷ் பேசும்போது 'ஆ' ஒட்டாது என்று தெரிந்ததும் அந்த வாலில் 'நோ?' என்றும் 'இஸின்ட் இட்?' என்றும் கட்டிவிடுகிறோம்.

இங்கிலீஷில் கேள்வி தலையில் இருக்கிறது. 'ஆர்', 'டூ', 'கேன்', 'ஹேவ்' என்று முதல் சொல் விழுந்ததுமே எதிரே இருப்பவர் பதிலுக்குத் தயாராகிவிடுவார். 'யூ' என்று நீ ஆரம்பித்தால், இந்தப் பெண் என்னைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறாள் என்றுதான் காத்திருப்பார். அதனால் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, இது கேள்வி என்று நீ முடிவு செய்துவிட வேண்டும். சிரமம் அந்த அரை நொடியில்தான். மற்றதெல்லாம் பழக்கம்.

வாக்கியத்தில் 'ஆர்', 'இஸ்', 'கேன்', 'வில்' இருந்தால் அதைத் தூக்கி 'யூ'வுக்கு முன்னால் வைத்துவிடலாம். 'யூ ஆர் இன் பெயின்' என்பது 'ஆர் யூ இன் பெயின்?' ஆகிவிடும். இதில் நீ தவறமாட்டாய். இப்படி ஒரு துணைவினை இல்லாத வாக்கியத்தில்தான் 'டூ', 'டஸ்', 'டிட்' மூன்றில் ஒன்றை வெளியிலிருந்து கூப்பிட வேண்டியிருக்கிறது. இது ஏன் என்று வகுப்பில் கேட்காத பிள்ளை இல்லை. 500 வருஷத்துக்கு முன்னால் இங்கிலீஷ்காரர்களே 'நோ யூ ஹிம்?' (அவரைத் தெரியுமா?) என்று வினைச்சொல்லை முன்னால் தள்ளித்தான் கேட்டார்கள். ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் அப்படித்தான் கேட்கிறார்கள். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் 'டூ' மெல்ல மெல்லக் கேள்விக்குள் வந்து நிலைத்துவிட்டது. அவர்களுக்கே பின்னால் வந்த பழக்கம் நமக்கு உடனே வரவில்லையே என்று நீ கூச்சப்பட வேண்டியதில்லை.

'டிட் யூ டுக்?' என்று இன்னமும் உன் வாயில் வருகிறது, கவனித்தாயா? சந்தையிலிருந்து ரெண்டு பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள். மூட்டையை ஒருவர் வாங்கிக்கொண்டால் மற்றவர் கைவீசித்தானே நடப்பார். இறந்தகாலம் என்கிற மூட்டையை 'டிட்' வாங்கிக்கொண்டது. 'டேக்' வெறும் 'டேக்'காகவே நடக்கட்டும். 'டிட் யூ டேக் யுவர் டேப்லெட் யெஸ்டர்டே?' இன்று காலைக்கான மாத்திரை என்றால் அந்த ஊரில் 'ஹேவ் யூ டேக்கன் யுவர் டேப்லெட் திஸ் மார்னிங்?' என்று கேட்பதுதான் வழக்கம்.

இனி, நோயாளியிடம் வலியைப் பற்றி விசாரிக்க நீ வைத்திருக்கும் அட்டைக்கு வருகிறேன். போன மாதம் படமெடுத்து அனுப்பினாயே, சாக்ரடீஸ் என்று எழுத்துக்கு எழுத்து மனப்பாடம் செய்கிற அட்டை, அதை எடுத்து வைத்துக்கொண்டேன். ஸைட், ஆன்செட், கேரக்டர், ரேடியேஷன், அசோஸியேஷன்ஸ், டைம், எக்ஸாசர்பேட்டிங், ஸிவியாரிட்டி. எட்டும் தலைப்புகள். ஒன்றுகூடக் கேள்வி இல்லை. ஆஸ்கி என்கிற உன் செய்முறைப் பரீட்சையில் தலைப்பு ஞாபகம் இருந்து கேள்வி வராமல் நீ நின்றுவிடுவாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் கேள்வியாகவே எழுதிவிட்டேன். 'வேர் டஸ் இட் ஹர்ட்?' 'வென் டிட் இட் ஸ்டார்ட்?' 'வாட் டஸ் இட் ஃபீல் லைக்?' 'டஸ் இட் கோ எனிவேர் எல்ஸ்?' 'டூ யூ ஹேவ் எனி அதர் சிம்ப்டம்ஸ்?' 'டஸ் இட் கம் அண்ட் கோ?' 'வாட் மேக்ஸ் இட் வர்ஸ்?' 'ஆன் எ ஸ்கேல் ஆஃப் ஸீரோ டு டென், ஹௌ பேட் இஸ் இட்?'

ஏழாவதை மட்டும் திரும்பப் படி. 'வாட் மேக்ஸ் இட் வர்ஸ்?' அங்கே 'டஸ்' இல்லை. நான் விட்டுவிடவில்லை. வலியைக் கூட்டுவது எது என்று கேட்கிறோம். அந்த 'எது'தான் வாக்கியத்தின் எழுவாய். எழுவாயையே கேட்கும்போது 'டூ' வராது. 'வாட் ஹேப்பண்ட்?' என்பதும், 'ஹூ கேவ் யூ திஸ்?' என்பதும் அப்படித்தான். 'ஹூ டிட் யூ கால்?' என்னும்போது கூப்பிட்டவர் 'யூ', 'ஹூ' கூப்பிடப்பட்டவர். அதனால் அங்கே 'டிட்' வந்தே தீரும். தமிழில் 'யார் கூப்பிட்டாங்க', 'யாரைக் கூப்பிட்டீங்க' என்று ஓர் 'ஐ' பிரித்துக் காட்டிவிடுவதை இங்கிலீஷ் இப்படிப் பிரித்துக்கொள்கிறது. இது புரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. 1994இல் என் அப்பாவுக்கு, உன் அப்புச்சிக்கு, குடலிறக்க ஆபரேஷன். மயக்க மருந்து டாக்டர் வடக்கே இருந்து வந்தவர், தமிழ் வராது. அப்போதுதான் பி.ஏ. இங்கிலீஷ் முடித்திருந்ததால் என்னைப் பேசச் சொல்லி முன்னால் விட்டார்கள். அவர் கேட்டார்: 'ஹி ஹேஸின்ட் ஈட்டன் எனிதிங் ஸின்ஸ் லாஸ்ட் நைட், ஹேஸ் ஹி?' நான் தலையை ஆட்டி, 'யெஸ் டாக்டர், யெஸ்' என்றேன். ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடலையே என்று கேட்டால், 'ஆமாங்க, சாப்பிடலைங்க' என்பதுதானே நம் பதில். என் 'யெஸ்' அந்த 'ஆமாங்க'. அவர் காதில் 'ஆமாம், சாப்பிட்டார்' என்று விழுந்தது. கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போய்விட்டார். ஸ்ட்ரெச்சர் வரவே இல்லை. என்ன நடந்தது என்று விளங்குவதற்குள் அன்றைய பட்டியல் மாறிவிட்டது. ரெண்டு நாள் கழித்து அப்புச்சி மறுபடியும் பட்டினி கிடந்தார். எச்சில் விழுங்கவே பயந்துகொண்டு படுத்திருந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாம் எதிரே இருப்பவர் சொன்னது சரியா என்று பார்த்து ஆமாம், இல்லை என்கிறோம். அவர்கள் நடந்ததா என்று மட்டும் பார்த்து யெஸ், நோ என்கிறார்கள். நடக்கவில்லை என்றால், கேள்வி எப்படி இருந்தாலும் 'நோ'தான். ஆகவே உன்னை யாராவது 'யூ ஹேவின்ட் கிவன் ஹர் தி இன்சுலின், ஹேவ் யூ?' என்று கேட்டால், கொடுக்கவில்லை என்றால் 'நோ, ஐ ஹேவின்ட்' என்று முழுசாகச் சொல். வெறும் தலையாட்டல் வேண்டவே வேண்டாம். நீ நோயாளியைக் கேட்கும்போது எதிர்மறையில் கேட்காதே. 'யூ டோன்ட் ஹேவ் எனி அலர்ஜி, நோ?' என்று கேட்டால், வரும் 'யெஸ்'ஸுக்கும் 'நோ'வுக்கும் என்ன அர்த்தம் என்று அந்த இடத்தில் யாருக்கும் தெரியாது. 'டூ யூ ஹேவ் எனி அலர்ஜீஸ்?' என்று நேராகக் கேள். அந்த டாக்டர் என்னிடம் 'வென் டிட் ஹி லாஸ்ட் ஈட்?' என்று கேட்டிருந்தால், நேத்து ராத்திரி எட்டு மணி என்று சொல்லியிருப்பேன். அந்தக் கேள்விக்கு யாராலும் 'யெஸ்' என்று பதில் சொல்ல முடியாது.

மருந்து கொடுப்பதற்கு முன்னால் 'ஆர் யூ மிஸஸ் சோ அண்ட் சோ?' என்று கேட்கக் கூடாது, பெயரையும் பிறந்த தேதியையும் அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும் என்று நீதான் எனக்குச் சொன்னாய். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் எந்தப் பெயருக்கும் 'யெஸ்' என்றுவிடுவார். பெயர் உன் கையிலேயே இருக்கிறது, இருந்தும் கேட்கிறாய். நன்னூலார் சொன்ன அறிவினா இதுதான். ஓ.ஈ.டி என்கிற மருத்துவ இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிக்கும்போதும் இதைத்தானே சொல்லிக்கொடுத்தார்கள்: முதலில் விரிந்த கேள்வி, அப்புறம் குறுகிய கேள்வி, இரண்டைச் சேர்த்துக் கேட்காதே, பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்காதே. பரீட்சைக்குத் தெரிந்தது பதற்றத்தில் மறந்துபோகிறது, அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று. 'குட் யூ டெல் மீ' என்று ஆரம்பித்துவிட்டால் கேள்வி அங்கேயே முடிந்துவிட்டது. பின்னால் வருவதைத் திரும்பவும் புரட்டாதே. 'குட் யூ டெல் மீ வேர் தி பெயின் இஸ்?' என்பதுதான் சரி. 'வேர் இஸ் தி பெயின்' அங்கே வராது. புரட்டக் கற்றுக்கொண்ட புதிதில் எல்லோரும் எல்லா இடத்திலும் புரட்டுவார்கள்.

'ஒய்' என்ற சொல்லை நோயாளியிடம் முடிந்தவரை குறைத்துக்கொள். 'ஒய் ஆரின்ட் யூ ஈட்டிங்?' இலக்கணப்படி சரி. ஆனால் படுத்திருப்பவருக்கு அது கண்டிப்பது போலத்தான் கேட்கும். 'ஹேவ் யூ பீன் ஏபிள் டு ஈட் எனிதிங்?' என்று கேள். 'ஏதாச்சும் சாப்பிட முடிஞ்சுதுங்களா பாட்டி' என்று நீ இங்கே கேட்கிற அதே குரல் அதில் வந்துவிடும். நாளைக்கு டியூட்டிக்குப் போனதும் முதலில் அந்தப் பாட்டியிடம் போய் இதைக் கேள். மன்னிப்பெல்லாம் நீளமாக வேண்டாம்.

அடுத்த ஞாயிறு கூப்பிடும்போது அந்த எட்டுக் கேள்விகளையும் அட்டையைப் பார்க்காமல் என்னிடம் கேள். இங்கிலீஷிலேயே பதில் சொல்கிறேன். நடிக்க வேண்டியதில்லை. வலது முழங்காலில் மூணு வாரமாக வலி இருக்கிறது, உன்னிடம் சொல்லவில்லை. எங்கே, எப்போதிலிருந்து, எதனால் கூடுகிறது என்று வரிசையாகக் கேள், சொல்கிறேன்.

அம்மா