துருவத்தின் காந்தத் தாள்களை முதலில் ஸ்கேன் செய்து வெளியிடுங்கள்

சர்வதேச புவிகாந்தவியல், மேல்வளிமண்டலவியல் சங்கத்துக்கும், துருவ ஆய்வகங்களின் பழைய காந்தப் பதிவுகளை வைத்திருக்கும் எல்லா நிறுவனங்களுக்கும்,

வணக்கம். நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். உங்கள் அலமாரிகளில் இருக்கும் ஒளிப்படத் தாள்களை எண்களாக மாற்றுவதற்கு ஆளும் பணமும் கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். இப்போதே நல்ல தரத்தில் ஸ்கேன் செய்து யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிடுங்கள். எண்ணாக்கும் வேலை அப்புறம் நடக்கட்டும். அதிலும் துருவத் தாள்களுக்கு முதல் இடம் கொடுங்கள்.

இந்த மடலைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருட்டறையில் மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு சின்னக் காந்தம் தொங்கும், அதோடு ஒரு குட்டிக் கண்ணாடி ஒட்டியிருக்கும். விளக்கொளி அந்தக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, மெதுவாகச் சுற்றும் உருளையில் சுற்றிய ஒளிப்படத் தாளில் புள்ளியாக விழும். பூமியின் காந்தப்புலம் அசைந்தால் புள்ளியும் அசையும், தாளைக் கழுவி எடுத்தால் அது கோடாகத் தெரியும். பொதுவாக ஒரு நாளுக்கு ஒரு தாள். டிஜிட்டல் கருவிகள் வரும்வரை ஆய்வகங்கள் பல பத்தாண்டுகள் இப்படித்தான் ஓடின.

துருவத்தில் இந்தத் தாளை மாற்றுவதே பெரும்பாடு. பிரிட்டிஷ் துருவப் பயணி ஸ்காட்டின் டிஸ்கவரி கப்பல் பயணத்தில் லூயி பெர்னாச்சி 1902 முதல் அண்டார்டிகாவின் ஹட் பாயிண்டில் கருவிகளை ஓட்டினார். அடுத்து ஆஸ்திரேலியாவின் மாசன் அதே கண்டத்துக்குக் கொண்டுபோன குழுவில் இருந்த எரிக் வெப் கேப் டெனிசனில் 1912-ல் அந்த வேலையைச் செய்தார். கடல்மட்டத்தில் உலகிலேயே மிக மோசமான காற்று அடிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. கருவியின் பக்கத்தில் இரும்பு வரக்கூடாது என்பதால் அதற்கென்று தனிக் குடிசை, அதுவும் தங்கும் இடத்திலிருந்து தள்ளி. பனிப்புயல் நாளிலும் அங்கே போய்த் தாளை மாற்றியாக வேண்டும், விட்டுவிட்டால் அந்த நாள் போனது போனதுதான்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த கோடுகளிலிருந்து ஆண்டறிக்கைகளில் அச்சானது பெரும்பாலும் மணிச் சராசரிகள். அளவுகோலை வைத்துக் கண்ணால் பார்த்து எழுதிய காலத்தில் அதற்கு மேல் முடியாது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் துருவ ஒளி ஆடும் பகுதிகளில் சில நிமிடங்களுக்குள் காந்தப்புலம் நூற்றுக்கணக்கான நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) ஏறி இறங்கும், மணிச் சராசரியில் அதெல்லாம் கரைந்துவிடும். 1989 மார்ச் 13 அன்று கியூபெக்கின் மின்கட்டமைப்பு ஒன்றரை நிமிடத்தில் சரிந்து அறுபது லட்சம் பேர் சுமார் 9 மணி நேரம் மின்சாரமில்லாமல் இருந்தார்களே, அங்கே நீண்ட மின்தடங்களில் வேண்டாத மின்னோட்டத்தைத் தூண்டிவிட்டது காந்தப்புலம் மாறிய வேகம். பழைய நாட்களுக்கு அந்த வேகம் அச்சிட்ட அட்டவணையில் இல்லை, தாளில் மட்டும்தான் இருக்கிறது.

தாளிலும் அது இருக்கும் விதத்தைப் பாருங்கள். அமைதியான நாளில் கோடு தடிமனாக, கருப்பாக ஓடும். காந்தப்புலம் கொந்தளிக்கும் காந்தப் புயல் நாளில் ஒளிப்புள்ளி எவ்வளவு வேகமாகப் பாய்கிறதோ அவ்வளவு குறைவாகத்தான் ஒவ்வொரு இடத்திலும் ஒளி விழும், ஆகவே கோடு மெலிந்து, உச்சத்துக்குப் போகும் வழியில் கிட்டத்தட்ட மறைந்தே போகும். ஒரு கோடு இன்னொன்றைக் குறுக்கே வெட்டும், தாளின் விளிம்பைத் தாண்டி வெளியே போய் வேறு எங்கோ திரும்பி வரும். நமக்கு எது மிகவும் தேவையோ அதுதான் மிக மங்கலாகப் பதிந்திருக்கிறது. தாள் பழுக்கும்போது முதலில் தொலைவதும் அதுதான். சுருக்கி எடுத்த மைக்ரோஃபிலிமில் அது பல நேரம் தெரிவதே இல்லை. அந்த ஃபிலிமும் அசிட்டேட் என்றால் வினிகர் வாடை அடித்துச் சுருங்க ஆரம்பித்துவிடும். "மைக்ரோஃபிலிம் இருக்கிறதே, மூலத்தாள் எதற்கு" என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

துருவத்துக்கு ஏன் முதல் இடம் என்று கேட்டால், ஸ்வால்கார்ட், மன்சூரவ் என்ற இரு ஆய்வாளர்கள் 1960களின் கடைசியில் தனித்தனியாகக் கண்டுபிடித்ததைத்தான் சொல்வேன். சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்துகள் ஓட்டமான சூரியக் காற்றோடு வரும் காந்தப்புலம் சூரியனை நோக்கி இருக்கிறதா, எதிர்ப்பக்கமா என்பதைப் பொறுத்துத் துருவத்துக்கு அருகே அன்றாடக் கோட்டின் வடிவமே மாறுகிறது. விண்கலங்கள் அந்தப் புலத்தை அளக்க ஆரம்பித்தது 1960களில்தான். அதற்கு முந்தைய நாட்களின் சூரியக் காற்றைப் பற்றி இப்படிச் சொல்ல வேறு இடத்துத் தாள்களால் முடியாது. கிரீன்லாந்தின் கோட்ஹாவ்ன் ஆய்வகம் 1926-ல் தொடங்கியதால்தான் அந்த வரலாற்றை அதுவரை பின்னோக்கிக் கொண்டுபோக முடிந்தது. பல நாடுகள் சேர்ந்து அளவீடு எடுத்த 1882-83, 1932-33 துருவ ஆண்டுகள், 1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டு, இவற்றின் பதிவுகள் பல நாடுகளில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டாமா?

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் தன் காந்த ஆய்வகங்களின் தாள்களை ஸ்கேன் செய்து பொதுவில் வைத்திருக்கிறது. பழைய பதிவு என்ன செய்யும் என்பதற்கு மும்பையின் கொலாபா ஆய்வகமே சாட்சி: 1859 செப்டம்பர் காந்தப் புயலின்போது அங்கே கையால் எழுதிய அளவீடுகளை 2003-ல் எடுத்துப் பார்த்துத்தான் சுமார் 1600 நானோடெஸ்லா வீழ்ச்சி வெளியே வந்தது.

கடைசியாக ஒன்று. ஸ்கேன் செய்யும்போது தாளின் பின்பக்கத்தையும் ஓரக்குறிப்புகளையும் விட்டுவிடாதீர்கள். ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை நானோடெஸ்லா, அளவைத் தொடங்கும் அடிக்கோட்டின் மதிப்பு என்ன, கடிகாரம் எவ்வளவு பிந்தியது என்பதெல்லாம் தனிக் குறிப்பேடுகளில்தான் இருக்கும். அவை தாளோடு ஒரே பெட்டியில் இல்லாமல் வேறு அறையிலோ வேறு ஊரிலோ கூட இருக்கலாம். அவற்றைத் தேடும் வேலையை முதலில் தொடங்குங்கள், ஏனென்றால் அவை எங்கே இருக்கின்றன என்று தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
பழைய காந்தப் பதிவுகளை விரும்பிப் படிக்கும் ஒரு வாசகர்